அம்மன் கோயில் குறுக்குப் பாதை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தை மாதம் பூமிபூஜை போட்ட 240 மீட்டர் பாதை வேலை வைகாசியில் முடிந்தது. ஆனியில் கணக்கும் முடித்தாயிற்று. கோயில் திருப்பணி நிதியிலிருந்தும் பணம் போட்டதால் இதையும் திருப்பணி என்றே எழுதுகிறோம். முகப்பு வளைவு கட்ட வேண்டிய காசைத் தெருவில் கொட்டலாமா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டவர்கள் உண்டு. ஆடி மாதம் கூழ்ப்பானை சுமந்து வரும் பெண்கள் சேற்றில் கால் வைத்துத்தான் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காலுக்குக் கீழே தரை வந்த பிறகு வளைவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே குழுவின் முடிவு.

பாதை ஏன் இத்தனை காலம் விடுபட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இடையஞ்சாவடி, சடையங்குப்பம், கடப்பாக்கம் பக்கத்து ஊராட்சிகள் 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-ல் வந்தது. சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள ஊரைச் சாலையோடு இணைப்பது அதன் கணக்கு. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட ஊருக்கு அது கிடையாது. நூறு நாள் வேலையும் ஊராட்சிகளுக்குத்தான் என்பதால் அதுவும் நின்றது. ஏரிக்கரையில் மண் எடுத்தவர்கள் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் வேலை தேடிப் போக வேண்டியதாயிற்று. வேலை தூரமாகப் போனது, பாதை மட்டும் பழைய வரப்பாகவே இருந்தது.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போக வேண்டுமே. மழைக்காலத்தில் குறுக்குப் பாதை அடைபட்டால் சுற்றுவழி கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் போக 20, வர 20. மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 1,000 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக வருவதும் அதே 1,000 தான். ஒரு கையில் வாங்கி மறு கையில் ஆட்டோவுக்குக் கொடுத்தாயிற்று. இரவு 10 மணி ஷிப்டு முடிந்து வருபவர்களுக்கு அந்த ஆட்டோவும் இருக்காது. அதனால் இரண்டாம் ஷிப்டு வேலையையே வேண்டாம் என்று விட்ட வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன. 2018-ல் வந்த மானிய ஸ்கூட்டர் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அரசு கொடுத்தது. வண்டி வாங்கியவர்கள் அதை மெயின்ரோட்டுக் கடை வாசலில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தார்கள்.

ஆகவே எஸ்டிமேட் போடும்போதே குழு ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டது. விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பும் ஆயாவும், இரவு 10.30-க்குத் தனியாக இறங்கும் பெண்ணும் இந்தப் பாதையில் எப்படி நடப்பார்கள் என்பதே அது. லாரி போகிறதா, கார் போகிறதா என்பதெல்லாம் அப்புறம். தலையில் அன்னக்கூடை இருப்பவருக்குக் கழுத்தைக் குனிய முடியாது. தரையைப் பார்க்காமல் கால் வைக்கிறவர் அவர். கீழே வரும் பல அளவுகள் அந்தப் பாதங்களை மனதில் வைத்து எடுத்தவை.

வடிகால் முதலில், பாதை பிறகு

வடிகாலைக் கடைசியில் கட்டினால் புதுத் தளத்தின் ஓரத்தையே உடைக்க வேண்டிவரும். அதோடு, பாதை மூடியிருக்கும் நாட்களில் நடக்க ஓர் இடம் வேண்டும், பலகை போட்டு மூடிய வடிகால்தான் அது. எனவே மாசி, பங்குனி இரண்டு மாதமும் வடிகால் வேலை. அகலம் 45 செ.மீ.; கோயில் முனையில் ஆழம் 45 செ.மீ., கால்வாய் முனையில் 105 செ.மீ. 400-க்கு 1 என்ற வாட்டம் வைத்தால் 240 மீட்டரில் 60 செ.மீ. இறக்கம் வரும். நம் பக்கம் தட்டையான நிலம், இதற்கு மேல் வாட்டம் கொடுத்தால் கடைசி முனை கால்வாய் மட்டத்துக்குக் கீழே போய்விடும். கொசஸ்தலையாறு பெருகும்போது கால்வாய்த் தண்ணீர் திரும்பி ஏறாமலிருக்க முனையில் ஒருவழிக் கதவு உண்டு. அதில் பிளாஸ்டிக் சிக்கினால் மூடாது என்பதை எல்லோரும் நினைவில் வைக்கவும்.

மூடிப் பலகை ஒவ்வொன்றும் 60-க்கு 75 செ.மீ., கனம் 10 செ.மீ., எடை சுமார் 112 கிலோ. தூக்கும் கொக்கியை வழக்கமாக மேலே நீட்டிவைத்துவிடுகிறார்கள். அதில் புடவைக் கரை மாட்டும், கால்விரல் இடிக்கும். நம் பலகைகளில் கொக்கியைச் சுற்றிக் குழி விட்டு, கொக்கி மேல்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வார்க்கச் சொன்னோம். முதலில் வந்த பலகைகளில் குழி இல்லை, திருப்பி அனுப்பினோம். பலகைகளுக்கு இடையே 1 செ.மீ.க்கு மேல் சந்து இல்லாமல் கலவை பூசியாயிற்று.

தண்ணீர் விஷயம் ஒன்று. மீஞ்சூர், மணலி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பது தெரிந்ததே. நம் போர் தண்ணீரும் உப்பு. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு (உப்பு) லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை விதி அனுமதிக்கிறது, கம்பி உள்ளதற்கு 500 தான். மூடிப் பலகையில் கம்பி இருப்பதால் கலவைக்கும் ஈரம் காப்பதற்கும் லாரித் தண்ணீர் மட்டுமே பயன்படுத்தினோம். போர் தண்ணீரில் வார்த்திருந்தால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து, பலகை அடியிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்திருக்கும்.

தளம்

ஆளாளுக்கு வாசலில் கொட்டிய கட்டட இடிபாட்டால் பாதை சில வீடுகளின் வாசற்படியைவிட உயர்ந்து கிடந்தது. அதன் மேலேயே கான்கிரீட் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், அடுத்த மழைக்கு அந்த வீடுகளுக்குள் தண்ணீர் போயிருக்கும். எனவே இடிபாட்டை அள்ளிவிட்டு, மிகத் தாழ்ந்த வாசற்படிக்கு 15 செ.மீ. கீழே பாதையின் மேல்மட்டம் வரும்படி லெவல் வைத்தோம். அந்த மட்டத்திலிருந்து கீழே 48 செ.மீ. தோண்ட வேண்டியிருந்தது. களிமண் ஊறிக் குழைந்திருந்த இடங்களில் 60 வரை போனது. அடியில் 15 செ.மீ. கிராவல், அதன் மேல் 15 செ.மீ. ஜிஎஸ்பி என்னும் சல்லிக் கலவை, பிறகு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் எம்30 கான்கிரீட் 18 செ.மீ. ஜிஎஸ்பி 58 யூனிட் இறங்கியது. ரோலர் உருட்டி முடித்த மறுநாள் தண்ணீர் லாரியை ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் பதிந்த இரண்டு இடத்தையும் மறுபடி தோண்டி நிரப்பினோம்.

15 செ.மீ. கான்கிரீட் போதுமே என்று கேட்டார்கள். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் தண்ணீரே 9 டன். அந்த லாரி உள்ளே வராவிட்டால் 240 மீட்டருக்குக் குடம் தூக்கப் போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். 3 செ.மீ. கூடுதல் கனம் அதற்காகத்தான்.

கான்கிரீட் போடும் நாளைத் தேர்ந்ததில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் காசிமேட்டில் வரத்து குறையும், நம் மீன்காரப் பெண்களின் நடையும் குறையும். பாதையை மூட அதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் அது சித்திரை வெயில்.

3 மீட்டர் அகலத்துக்கு 240 மீட்டர், கனம் 18 செ.மீ. என்றால் 129.6 கனமீட்டர். 6 கனமீட்டர் ரெடிமிக்ஸ் வண்டியில் 22 நடை, மூன்று நாள் வேலை. பாரத்தோடு வரும் மிக்சர் வண்டி புதுத் தளத்தில் ஏற முடியாது என்பதால் கோயில் முனையில் தொடங்கி மெயின்ரோட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தோம். கலந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். மெயின்ரோட்டில் கன்டெய்னர் வரிசையில் மாட்டிய ஒரு வண்டி தாமதமாக வந்து, கலவை இறுகிப்போய் இறங்க மறுத்தது. இப்படி நேரும்போது டிரம்முக்குள் தண்ணீர் அடித்து இளக்குவது வழக்கம். இளகும், பிறகு மேல்பகுதி மாவாக உதிரும். அந்த நடையைத் திருப்பி அனுப்பி வேறு வரவழைத்தோம். ஒவ்வொரு நாளும் சோதனைக்குக் கியூப் (கனசதுரக் கட்டி) வார்த்து எடுத்தோம். 28-ம் நாள் அழுத்தச் சோதனையில் எல்லாமே எம்30-க்கு வேண்டிய 30 மெகாபாஸ்கலைத் தாண்டின.

தளத்தை 4 மீட்டருக்கு ஒரு பலகையாக 60 பலகை என்று பிரித்தோம். சித்திரை வெயிலில் கான்கிரீட் போட்ட ஆறிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் கட்டர் வைத்துக் கோடு வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் சுருங்கும் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் விரிசல் விட்டுக்கொள்ளும். இரண்டாம் நாள் மதியம் போட்ட பகுதிக்குக் கட்டர் பிளேடு தேய்ந்துபோய், மறுநாள் காலையில்தான் வெட்ட முடிந்தது. 27, 28-வது பலகைகளில் நீங்கள் பார்க்கும் கோணல் விரிசல் அதனால் வந்தது. மூலை தளர்ந்த 28-ஐ உடைத்துப் புதிதாகப் போட்டாயிற்று. 27-ன் விரிசலை அகலப்படுத்தி அடைத்திருக்கிறோம். மாற்று பிளேடு வைத்திருக்கச் சொல்லாதது குழுவின் தவறு.

மேற்பரப்பில் குறுக்கு வாக்கில் துடைப்பம் இழுத்துச் சொரசொரப்பு கொடுத்தோம். மீன்கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும் பாதை இது, வழுவழுப்பாக விட்டால் முதலில் வழுக்குவது கூடைக்காரர்தான். ரொம்பச் சொரசொரப்பானாலும் வெறுங்காலுக்கு ஆகாது. ஈர்க்குத் துடைப்பம் மெல்லிய கோடும், நைலான் துடைப்பம் ஆழமான கோடும் விழச் செய்தன. முதல் பலகையில் இரண்டையும் பார்த்துவிட்டு ஈர்க்குத் துடைப்பத்துக்கே வந்தோம். 3 மீட்டர் அகலத்துக்கு வடிகால் பக்கம் 6 செ.மீ. சரிவு, தள்ளுவண்டி தானாக உருளாத அளவு அது.

கோணி போர்த்தி 14 நாள் ஈரம் காத்தோம். காலையும் மாலையும் மட்டும் தண்ணீர் விட்டால் நடுப்பகலில் கோணி காய்ந்துவிடும். எனவே நம் தெருப் பெண்கள் நால்வரை நாளுக்கு 500 ரூபாய்க்கு அமர்த்தினோம். இந்தத் திருப்பணியிலேயே குறை சொல்ல இடமில்லாமல் நடந்த வேலை அதுதான்.

இனி யாரும் பாதையை வெட்டக் கூடாது என்பதற்காக 12 மீட்டருக்கு ஒன்றாக 20 இடத்தில் 110 மி.மீ. குழாயைக் குறுக்கே புதைத்திருக்கிறோம். குடிநீர், கேபிள் எது புதிதாக வந்தாலும் அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம். இருக்கும் இடங்களை ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்துக் காட்டியிருக்கிறோம்.

வேகத்தடை கேட்டு வந்த மனுக்களை ஏற்கவில்லை. தெருக்காரர்களே போடும் ஒரு முழ அகல மேடு, பின்னால் ஆள் உட்கார்ந்த ஸ்கூட்டரைத் தூக்கிப்போடும். விதிப்படி 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் வேண்டும். மெயின்ரோட்டுக்கு முன் ஒன்றே ஒன்று அப்படிப் போட்டிருக்கிறது. கோயில் முனையில் பாதையை 7 மீட்டருக்கு அகலப்படுத்தியதால் ஆட்டோ ஒரே வளைவில் திரும்புகிறது. முன்பு ரிவர்ஸ் எடுக்கப் பயந்தே உள்ளே வர மாட்டார்கள். கேஸ் சிலிண்டரும், தையல் வேலைக்கு வரும் துணிக்கட்டும் இப்போது வாசலில் இறங்குகின்றன. கட்டு வாசலுக்கு வந்த பிறகு, வீட்டிலிருந்தே தைக்கக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

விளக்குக் கம்பம் நான்கிலிருந்து ஒன்பதாயிற்று, 30 மீட்டருக்கு ஒன்று. வேப்பமரம் மறைத்த ஐந்தாவது கம்பத்துக்கு விளக்குத் தாங்கும் கையை நீட்டி மாட்டியிருக்கிறோம்; மரம் தப்பித்தது. தை மாதத்தில் சூரியன் எழ 6.30 மணி ஆகிவிடும். அணைக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றக் கேட்டிருக்கிறோம்.

கணக்கு

நமக்கு நாமே திட்டப்படி மூன்றில் ஒரு பங்கு நம்முடையது. மதிப்பீடு 24 லட்சம், நம் பங்கு 8,00,000. வரவு: 146 குடும்பம், தலைக்கு 5,000 வீதம் 7,30,000, கோயில் திருப்பணி நிதி 1,20,000, மொத்தம் 8,50,000. பங்குத் தொகை போக, குறுக்குக் குழாய் 14,000, ஈரம் காத்த கூலி 28,000, கோணியும் சில்லறையும் 5,500. கையிருப்பு 2,500. ரசீதுக் கட்டு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முடியாதவை

மெயின்ரோடு சேரும் இடத்தில் 5 செ.மீ. பள்ளம் இருக்கிறது. மெயின்ரோடு உயரம், நம் பாதை தாழ்வு; மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். தார் நிரப்பி இறக்கம் கொடுக்க மனு போட்டிருக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் கழிப்பறை இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மெயின்ரோட்டைக் கடக்கச் சிக்னலும் இல்லை. இரவில் இறங்குபவர்களுக்குப் பாதையைவிட அந்தக் கடக்கும் இடமே இப்போது பெரிய கவலை. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதை எடுத்துக்கொள்கிறோம்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு காலை 7 மணிக்கு வடிகால் தூர் வாருதல். வீட்டுக்கு ஒருவர் வரவும். பலகை தூக்கும் கொக்கிக் கம்பிகள் நான்கும் மடைப்பள்ளியில் இருக்கின்றன; எடுப்பவர் நோட்டில் எழுதிவிட்டு எடுக்கவும், அன்று மாலையே திரும்ப வைக்கவும்.

திருப்பணிக் குழுவினர்