படிக்கட்டுப் பூனை பற்றி

அனைவருக்கும் வணக்கம். படிக்கட்டுக்கு அடியில் அடிபட்டுக் கிடந்த சாம்பல் பூனை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எலும்பு முறிவு இல்லை, பின்னங்காலில் ஆழமான கடிக்காயம். மருத்துவர் சுத்தம் செய்து ஊசி போட்டுவிட்டார். நேற்று இரவு தானாகவே கிண்ணத்தை நக்கிக் காலி செய்தது. பெரிய நிம்மதி, பூனை 2, 3 நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரல் பாதிக்கப்படலாம்.

பார்க்க வருபவர்கள் பால் கொண்டுவர வேண்டாம், வயிற்றுப்போக்குதான் மிச்சமாகும். அப்புறம், பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னவருக்கு: ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும். பூனையைத் தூக்கக் குழந்தைகளை விடாதீர்கள், வலியில் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பழைய துண்டுகள் இருந்தால் கொடுங்கள், நிறையத் தேவைப்படுகிறது.