ரவுட்டரின் காலக்கெடுவை பில்லில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவே ஆயா என்று கூப்பிடும் மூதாட்டி ஒருவர், வீட்டில் இணையம் மந்தமாக இருக்கிறது என்று சொன்னதால் சென்ற வாரம் பார்க்கப் போனேன். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் வாங்கிய சின்ன பேட்டரிப் பெட்டியோடு, சாமி மாடத்துக்குப் பக்கத்தில், விபூதி படிந்து இருந்தது ரவுட்டர். அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருந்தபடியே பயனர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. உள்ளே இருந்த ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருள், 2018ஆம் ஆண்டுத் தேதியைக் காட்டியது. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் இசையைக் கேட்கவைத்துவிட்டு, “பச்சை விளக்கு எரிகிறதல்லவா, அப்படியானால் ஒன்றுமில்லை” என்றார்கள்.

இணைப்பு இருக்கிறது என்பதை மட்டுமே பச்சை விளக்கு சொல்லும். ஃபர்ம்வேரில் மோசமான ஓட்டை இருந்தால், கடவுச்சொல் தெரியாமலேயே வெளியாள் உள்ளே நுழைந்து, தளங்களின் பெயரை வைத்து அவற்றின் இடத்தைக் காட்டும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றி நம்மைப் போலித் தளங்களுக்குத் திருப்பலாம். அல்லது நம் வீட்டுப் பெட்டியையே பிறர் மீது தாக்குதல் நடத்தும் கூட்டத்தில் சேர்த்துவிடலாம். அப்போதும் விளக்கு பச்சையாகவே எரியும்.

ஓட்டை இருப்பதைவிட, அதை அடைத்த பிறகும் அந்தத் திருத்தம் வீடு வந்து சேராததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ராம்பேஜர் என்ற, ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளில் இருந்த ஓட்டையை அதைத் தயாரித்தவர்கள் 2005லேயே சரிசெய்துவிட்டார்கள். ஆனால் பழைய பதிப்பையே சுமந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் கருவிகள் இணையத்தில் இருப்பதை 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டு சொன்னது. மனமிருந்தால் நிறுவனங்களால் விரைந்து செயல்பட முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் தாக்குதலில் முடங்கியபோது, அந்நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டு, ரவுட்டரை அணைத்துப் போட்டால் அது தானாக இறங்கும் என்று மக்களுக்குச் சொன்னது. தொலைவிலிருந்து ரவுட்டரைப் பராமரிக்க நிறுவனங்களே வைத்திருக்கும் வாசலைத்தான் அந்தத் தாக்குதல் குறிவைத்தது என்பது வேறு கதை.

நாமாகச் செய்யக்கூடியதும் உண்டு. ரவுட்டரின் அடியில் உள்ள மாடல் எண்ணையும் வன்பொருள் பதிப்பையும் (வி1, வி2 என்று இருக்கும், ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஏற்றக்கூடாது) குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் கொடுத்த ரவுட்டரானால் முதலில் அவர்களையே கேட்பது நல்லது. ஏற்றும்போது கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து வையுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பெட்டி செங்கல்போல் பயனற்றுப் போய்விடும் என்பதால், மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து, பேட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். பிறகு அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே யாராவது புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அணைத்துப் போடுவது மட்டும் போதாது. 2018இல் பரவிய விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலின் முதல் பகுதி, ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகும் அழியாமல் இருந்தது. தொழிற்சாலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) திருப்பிவிட்டு, அதன் பின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே வழி.

இவ்வளவையும் எழுபது எண்பது வயதில் தனியாக இருப்பவர்கள் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, எல்லாப் பெட்டிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்கக்கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது எதுவரை வரும் என்பதையும் வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களின் தரத்துக்குத் தரும் உத்தரவாதம் 6 மாதம். ரவுட்டரின் ஓட்டையோ பல ஆண்டு கழித்துத்தான் வெளியே வருகிறது. ஆகவே, ரவுட்டரைச் சேர்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்த மாடலுக்குத் திருத்தங்கள் எந்தத் தேதிவரை வரும் என்பதை மாதாந்திர பில்லிலேயே அச்சிட வேண்டும். தேதி முடிந்தால் கேட்காமலே மாற்றித் தர வேண்டும். இந்தக் கோரிக்கையை உங்கள் பத்திரிகை எடுத்துப் பேசினால், ஆங்கில நாளிதழ்களைப் படிக்காத பெரியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் விஷயம் போய்ச் சேரும்.

ஆயாவின் ரவுட்டருக்குத் தயாரிப்பாளர் திருத்தங்களை நிறுத்திவிட்டார் என்பது அன்றே தெரிந்தது. அரசு தரும் முதியோர் உதவித்தொகையில் வாழும் அவர் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா, அல்லது பெட்டி நிறுவனத்தின் சொத்தாகவே இன்னும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.