நாவல் பழச் சாறும் செய்முறைத் தேர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இளங்கலை மாணவர்களுக்கு வைக்கும் செய்முறைத் தேர்வைப் பற்றி எழுதுகிறேன். ஒரு உப்பைக் கொடுத்து, அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்கிறோம். கொடுத்தவருக்கு விடை தெரியும். முந்தைய பேட்ச் ரெக்கார்டு நோட்டிலும் அது இருக்கும். இதில் தேடல் எங்கே இருக்கிறது?

ஓய்வுக்கு முந்தைய ஆண்டு, இறுதியாண்டு மாணவிகள் ஆறு பேரைச் சாயச் சூரிய மின்கலம் செய்யவைத்தேன்; சாயம் வெயிலை உறிஞ்ச, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலம். 1991-இல் ஓ'ரீகன், கிரெட்செல் என்ற விஞ்ஞானிகள் வெளியிட்ட முறைதான். மின்கடத்தும் கண்ணாடியும் டைட்டானியம் டை ஆக்சைடு தூளும் வெளியே வாங்கினோம். இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே விடும் கரைசலுக்கு அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் அலமாரியிலேயே இருந்தன. எதிரே வைக்கும் இரண்டாவது கண்ணாடிக்குப் பென்சில் கிராஃபைட். தூளைப் பசையாக்கி, முதல் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவி 450 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டோம். முதலில் பழுப்பாகி, அப்புறம் மறுபடி வெளுத்தது. ஆறியதும் நாவல் பழச் சாற்றில் போட்டோம். பத்தே நிமிடத்தில் ஊதா ஏறிவிட்டது. குழாயடியில் காட்டினாலும் போகவில்லை.

"கழுவினா ஏன் மேடம் போகல?" என்று ஒருத்தி கேட்டாள். சாய மூலக்கூறில் அடுத்தடுத்து இருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் டைட்டானியத்தைப் பற்றிக்கொள்வதால்தான். இப்படி உலோகத்தைப் பிற தொகுதிகள் பற்றிக்கொள்ளும் அணைவுச் சேர்மங்களை வருடக்கணக்கில் நடத்தியும் எந்த வகுப்பிலும் வராத கேள்வி அது.

வெயிலில் இரண்டு மின்கலங்கள் 0.4 வோல்ட்டை ஒட்டிக் காட்டின. மூன்றாவதில் ஒன்றுமில்லை. அதைச் செய்த இரு மாணவிகளும் கரைசலை மாற்றினார்கள், கிராஃபைட்டை மறுபடி தேய்த்தார்கள். இரண்டாம் நாள் கண்ணாடியிலேயே மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, மின்கடத்தாத பக்கத்தில் பசையைத் தடவியிருந்தார்கள். "இதையும் ரெக்கார்டுல எழுதலாமா மேடம்?" என்று கேட்டார்கள். எழுதச் சொன்னேன். அந்தப் பக்கங்கள்தான் மூன்று நோட்டுகளிலும் சிறந்தவை. வெளித்தேர்வாளரோ "ரிசல்ட் வரலையே" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பாடத்திட்டக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கடைசிப் பருவத்தின் செய்முறைத் தாள் ஒன்றை இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஒதுக்குங்கள். தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்து எழுதும் பக்கத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
விருதுநகர்.