கட்டியை எடுத்ததும் மணியைக் குறித்துவையுங்கள்: சிறு ஊர் சர்ஜன்களுக்கும் ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) சிஸ்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் திசுப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன். 18 வருஷமாக இதே வேலைதான். நீங்கள் அனுப்பும் கட்டியை வாங்கி, மெழுகில் பதித்து பிளாக் போட்டு, ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் போட்டு, திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட்டின் மேசையில் கொண்டுபோய் வைக்கிறவன். உங்களில் பெரும்பாலானவர்களை நேரில் பார்த்ததில்லை. ஆனால் படிவத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லேப்பைப் பூட்டுகிற நேரத்துக்கு ஒரு தம்பி வந்தார். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். கையில் மஞ்சப்பை, பைக்குள் ஊறுகாய் டப்பா, டப்பாவுக்குள் முந்தின நாள் மதியம் அவருடைய அம்மாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. சலைனில் மிதந்துகொண்டிருந்தது. "ராத்திரி முழுக்க பிரிட்ஜ்லதான் வெச்சிருந்தோம்ணே, கெட்டுப்போயிருக்காதுல்ல?" என்று கேட்டார். பிரிட்ஜில் ஒரு தட்டையே காலி செய்து அதில் இந்த டப்பாவை மட்டும் வைத்திருந்தார்களாம். தங்களால் முடிந்த அத்தனை கவனத்தோடும் அந்த வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

கட்டியை அறுத்தபோது நடுப்பகுதி கொழகொழத்துப் போயிருந்தது. வழக்கமான சாயத்தில் புற்றுநோய் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவுக்கு அடுத்து என்ன மருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தத் திசுவிடம் பதில் இல்லாமல் போயிற்று.

உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனாலும் இந்த மடலைப் படிக்கக்கூடிய நோயாளிகளுக்காகவும் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுச் செல்லின் உட்கருவில், ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கலாம். அதைத்தான் ஈஸ்ட்ரோஜென் ரிசெப்டர், சுருக்கமாக ஈ.ஆர். என்கிறோம், தமிழில் ஏற்பி. ஹார்மோன் வந்து ஒட்டியதும் இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து, பெருகு பெருகு என்று செல்லை முடுக்கிவிடும். 1896இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து சர்ஜன் ஜார்ஜ் பீட்சன், பெண்ணின் சூலகங்களை எடுத்துவிட்டால் மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. காரணம் பிடிபட இன்னும் 60 வருஷத்துக்கு மேல் ஆனது. 1958இல் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜெனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தசையில் அது தங்காமல் போனது, கருப்பையிலோ போகாமல் பிடித்து வைக்கப்பட்டது. பிடித்து வைத்தது அந்த ஏற்பி.

உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த ஏற்பி உள்ளவை. அப்படி இருந்தால் தமோக்ஸிஃபென் என்கிற, ஒரு நாளைக்கான செலவு ஒரு டீ விலைக்குள் அடங்குகிற மாத்திரை, அந்த ஏற்பியில் தான் போய் உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜெனுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். 5 வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால், இந்த நோயால் சாகிற ஆபத்து அடுத்த 15 வருஷத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல நாடுகளின் ஆயிரக்கணக்கான பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்ன கணக்கு இது. ஏற்பி இல்லாதவர்களுக்கு அதே மாத்திரையால் பலன் இல்லை. ஆக, அந்த மாத்திரை ஒரு பெண்ணுக்கு எழுதப்படுமா படாதா என்பதை எங்கள் ரிப்போர்ட்டின் ஒற்றை வரி தீர்மானிக்கிறது.

அந்த வரியை லேப்தானே எழுதுகிறது, எங்களுக்கென்ன என்று தோன்றலாம். நான் எத்தனை நல்ல மருந்து வாங்கி, எத்தனை லட்ச ரூபாய் மெஷினில் ஓட்டினாலும், உங்கள் ஓ.டி.யில் முதல் ஒரு மணி நேரத்தில் செத்துப்போன புரதத்தை என்னால் உயிர்ப்பிக்க முடியாது. ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்தே திசு தன்னைத்தானே கரைத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. திசுவைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் திரவம் உள்ளே போய்ச் சேரும்போதுதான் அது நிற்கும். சலைன் அதை நிறுத்தாது, பிரிட்ஜ் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் பார்க்கிற ஒன்றை உங்களுக்கும் காட்ட ஆசை. ஈ.ஆர். சாயம் போட்ட ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால் ஏற்பி உள்ள உட்கரு பழுப்பாகவும் இல்லாதது நீலமாகவும் தெரியும். நூற்றில் ஒரு புற்று உட்கரு பழுப்பானாலே அது பாசிட்டிவ், 10 வரைக்கும் குறைந்த பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். இதில் முக்கியமானது, கட்டிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் சாதாரணப் பால் குழாய்களும் அதே ஸ்லைடில் இருக்கும், அவற்றில் சில செல்களாவது பழுப்பாக வேண்டும். நல்ல செல்லுக்கும் இந்த ஏற்பி உண்டு அல்லவா? அந்த அம்மாவின் ஸ்லைடில் புற்றுச் செல்லும் நீலம், பக்கத்து நல்ல குழாயும் முழு நீலம். எங்கள் பேத்தாலஜிஸ்ட் மேடம் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நெகட்டிவ் இல்ல, இது டெஸ்டே ஆகல" என்றார். முடிவு சொல்ல இயலாது, வேறு திசுவில் திரும்பச் செய்யவும் என்று எழுதினார். திரும்பச் செய்யக் கட்டி எங்கே இருக்கிறது? முழுசாக எடுத்தாயிற்றே.

அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஒரு மாசம் கழித்து வேறு ஆஸ்பத்திரியில் அக்குள் நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்தார்கள். அந்தத் திசுவும் எங்களிடமே வந்தது, இந்த முறை எடுத்த கையோடு ஃபார்மலினில் போட்டிருந்தார்கள். ஒரு நெறியில் நோய் பரவியிருந்தது. சாயம் போட்டதும் பத்தில் ஒன்பது உட்கரு நல்ல அடர் பழுப்பு. மாதவிலக்கு நின்றவர் என்பதால் இப்போது ஈஸ்ட்ரோஜென் உற்பத்தியையே குறைக்கிற லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். நோய் நெறிக்குப் போனதை அதிர்ஷ்டம் என்று எழுத வேண்டியிருக்கிறதே என்று இதை எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது. நெறியில் நோயே இல்லாமல் இருந்திருந்தால் அவருடைய ஏற்பியை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்த ஈ.ஆர். பரிசோதனைகளில் 380க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு போயிருந்தது. நெகட்டிவ் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு 2005இல் மறுபடி செய்தபோது பாசிட்டிவ் வர, பழைய பிளாக்குகளை டொராண்டோவுக்கு அனுப்பித் திரும்பப் பார்த்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் விசாரித்து 2009இல் அறிக்கை கொடுத்தார். திசுவை ஒழுங்காகப் பதப்படுத்தாதது, சாயம் சரியாகப் பிடித்ததா என்று ஒப்பிட வைக்கிற கட்டுப்பாட்டு ஸ்லைடுகளைப் பார்க்காதது, இதெல்லாம் அங்கேயும் காரணம். அவர்களாவது திரும்பிப் பார்த்தார்கள். நம் நாட்டில் ஏற்பி இல்லாத மார்பகப் புற்று அதிகம் என்று சொல்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம், நம் பெண்களுக்கு இளம் வயதிலேயே வருவதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் நம் ஊறுகாய் டப்பாக்களும் இருக்கின்றன என்ற பயம் எனக்குத் தீரவில்லை.

சரி, என்ன கேட்கிறேன்? படிவத்தில் இரண்டு மணி குறியுங்கள். கட்டி உடம்பிலிருந்து வெளியே வந்த நேரம் ஒன்று, ஃபார்மலினில் விழுந்த நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. அந்த இரண்டு கட்டங்களும் படிவத்தில் இப்போதும் இருக்கின்றன, பெரும்பாலும் வெறுமையாகவே வருகின்றன. நேரத்தை எழுத வேண்டும் என்று வந்துவிட்டாலே, கட்டியை டிரேயில் வைத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போகிற பழக்கம் தானாகக் குறையும் என்று நம்புகிறேன். சிஸ்டர், இதைச் செய்யப்போவது நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் ஃபார்மலின். கடையில் வாங்குவதை அப்படியே ஊற்றாதீர்கள், ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர், அதோடு பாஸ்பேட் உப்புகளும் சேர்ந்த பஃபர் ஃபார்மலினாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கலக்கி மாசக்கணக்கில் மூலையில் வைத்தது புளித்து அமிலமாகிவிடும். திசுவைப் போல 10 மடங்கு அளவு ஊற்றுங்கள். வாய் குறுகின டப்பாவில் கட்டியைத் திணித்து மேலே இரண்டு ஸ்பூன் ஊற்றினால், தோல் மட்டும் பதப்படும், நடுவில் அழுகும். முழு மார்பகத்தை எடுத்தால் பின்பக்கமாக ஒரு வெட்டுப் போட்டு உள்ளே மருந்து போக வழி செய்யுங்கள், எப்படி வெட்டுவது என்று ஒரு போன் போட்டால் எங்கள் மேடமே சொல்வார். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊறலாம். ஆகவே சனிக்கிழமை மதியம் எடுத்ததை அன்றைக்கே பஸ்ஸில் ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை, ஃபார்மலினில் இருந்தால் திங்கட்கிழமை காலை வந்தாலும் போதும்.

இதைவிட நல்லது, கட்டியை எடுக்கும் முன்னே திசுவைத் துண்டாக வெட்டியெடுக்கிற ட்ரூகட் ஊசியில் நாலைந்து துண்டு எடுத்து அனுப்பிவிடுவது. மெல்லிய துண்டு என்பதால் உடனே பதமாகும், ஏற்பி தெளிவாகத் தெரியும், ஆபரேஷனையும் நீங்கள் யோசித்துத் திட்டமிடலாம். "முதல்ல எடுத்துடுவோம், அப்புறம் பார்க்கலாம்" என்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

புராஸ்டேட் திசு அனுப்புகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அங்கே இருப்பது ஆண் ஹார்மோனுக்கான ஆண்ட்ரோஜென் ஏற்பி, டெஸ்டோஸ்டிரோன்தான் அதை முடுக்குவது. விரைகளை எடுத்தாலோ டெஸ்டோஸ்டிரோனை அடக்கினாலோ நோய் பின்வாங்குகிறது என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966இல் அதற்கு நோபல் கிடைத்தது. அந்த நோயில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் ஏற்பி இருப்பதால் ஆரம்பத்தில் அதற்கென்று சாயம் போடுவதில்லை. ரத்தத்தில் பார்க்கிற, புராஸ்டேட் செல்கள் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதமே அந்த ஏற்பி முடுக்கிவிடுகிற மரபணுவிலிருந்து வருவதுதான், டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிற ஊசி போட்டதும் அது குறைவது ஏற்பி அடங்கியதற்கு அடையாளம். ஊசி போட்டும் பி.எஸ்.ஏ. ஏறினால் ஏற்பி பெருகியோ உருமாறியோ மறுபடி விழித்திருக்கலாம், அபிராட்டரோன், என்சலூட்டமைடு போன்ற மருந்துகள் எல்லாம் அதற்கு வந்தவைதான். என் அப்பா மூன்று மாசத்துக்கு ஒருமுறை அந்த ஊசி போடுகிறவர், உடம்பெல்லாம் திகுதிகுவென எரிகிறது என்று ஒரு தவணையைத் தள்ளிப்போடப் பார்த்தார், இதையெல்லாம் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் போட்டுக்கொண்டார். உங்களிடம் நான் கேட்பது, பயாப்ஸித் துண்டுகளைக் காய்ந்த காஸ் துணியில் ஒட்டவிட்டு அனுப்பாதீர்கள். எலும்புக்குப் பரவிய இடத்திலிருந்து எடுத்தால், அது மார்பகமோ புராஸ்டேட்டோ, படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். எலும்பை இளக்க வழக்கம்போல் காட்டமான அமிலத்தில் போட்டுவிட்டால் ஏற்பி போய்விடும், முன்கூட்டித் தெரிந்தால் நாங்கள் மெதுவான வழியில் இளக்கிக்கொள்வோம்.

ஃபார்மலின் தீர்ந்துவிட்டது என்றால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் லேப்புக்குப் போன் போடுங்கள். அளவான டப்பாவில் ஊற்றி, மூடியில் நேரம் எழுத ஒரு சீட்டும் ஒட்டி, சாயங்கால பஸ்ஸிலேயே போட்டுவிடுகிறேன். அதற்குக் காசு வேண்டாம் என்று மேடமிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் டப்பாக்களைத் திறக்கிற லேப் டெக்னீஷியன்