மூழ்கிய கப்பல்களின் போர்க்காலக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கப் போகும் சுழியோடிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தன் விமானங்களோடு மூழ்கியதாக அதில் எழுதியிருந்தது சரியில்லை. 1942 ஏப்ரல் 9 காலை அந்தக் கப்பலில் பறக்கக்கூடிய விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. எல்லாம் கரையில் நின்றன. ஜப்பானியர் வருகிறார்கள் என்று முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டுக் கிளம்பிய கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஒரு விமானமும் இல்லாமல் நின்றார்கள் அவர்கள். அதை மாற்றிச் சொல்வது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இப்படிப் பிழைகள் பரவுவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஒரே சம்பவத்துக்கு இரண்டு தரப்புப் பதிவுகள் இருக்கின்றன. ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் நின்றாலும் தோக்கியோ நேரத்தில்தான் குறிப்பெழுதியது. நம் நேரத்துக்கும் அதற்கும் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாத வித்தியாசம். இதைக் கவனிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், காலையில் மூழ்கிய கப்பல் மத்தியானத்துக்குப் பிறகு மூழ்கியதாக ஆகிவிடும். ஜப்பானிய ஆவணங்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரித்தானியக் கடற்படையின் பதிவுகள் இலண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒத்துப் பார்க்கப் பொறுமைதான் வேண்டும்.

கொழும்புக்காரர் நாம் நமது வாசலில் கிடப்பதையே மறந்துவிட்டோம். 1917 பெப்ரவரியில், வர்த்தகக் கப்பல் போல வேடமிட்டு வந்த ‘வுல்ஃப்’ என்ற ஜேர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போனது. 17ஆம் திகதி ‘வூஸ்டர்ஷயர்’, 21ஆம் திகதி ‘பேர்சியஸ்’ என்று இரண்டு கப்பல்கள் மூழ்கின. முதலாம் உலகப் போர் நம் துறைமுக வாசல் வரை வந்தது என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லிக் கொடுக்கிறோமா? 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ‘டெனெடோஸ்’ நாசகாரிக் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் அன்று குண்டு விழுந்தது. அந்த நாளாவது சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. 1917 அடியோடு மறந்துபோய்விட்டது.

சுழியோடிகளிடம் ஒரு வேண்டுகோள். கீழே கிடக்கும் கப்பல் எது என்று உறுதிப்படுத்த உதவுவது கொதிகலனின் அளவு, எஞ்சினின் அமைப்பு, மணியில் வெட்டிய பெயர், கோப்பையில் உள்ள கம்பனிச் சின்னம் இப்படியான சின்னச் சின்னச் சாட்சிகள்தான். கப்பல் கட்டிய வரைபடத்தோடும், கப்பல்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் லொயிட்ஸ் பதிவேட்டோடும் இவற்றை ஒத்துப் பார்ப்பார்கள். ஞாபகத்துக்கு என்று ஒரு கோப்பையை மேலே கொண்டுவந்தால் அதோடு ஒரு சாட்சி போய்விடும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்தக் காலத்துப் பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களில் நெருப்பறையில் கரி அள்ளிப் போட்டவர்களில் பலர் லஸ்கார்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியத் துணைக்கண்டத்துக் கப்பல் தொழிலாளர்கள். கப்பலைப் பற்றி எழுதும்போது கப்டனின் பெயரும் கம்பனியின் பெயரும் தவறாமல் வரும், இவர்கள் வருவதே இல்லை. உலகப் போர்களில் மாண்ட இந்தியக் கப்பலோட்டிகளுக்குப் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் நினைவிடங்கள் இருக்கின்றன. அங்குள்ள பெயர்ப் பட்டியல்களிலிருந்து தொடங்கலாம்.

போர்க்காலத்தில் தணிக்கை இருந்ததால் பத்திரிகைகளில் எல்லாம் வந்திருக்காது. ஆனாலும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் விளம்பரம், இரங்கல் செய்தி, துறைமுக அறிவித்தல் என்று எத்தனையோ தடயம் அகப்படும். ஹேர்மிஸிலிருந்து தப்பியவர்களை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல்தான் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கு மருந்து கட்டியவர்கள், சமைத்துக் கொடுத்தவர்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நகரத்தில் இருப்பார்கள். கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்து மீனவக் குடும்பங்களிலும் கேட்க வேண்டும். தாங்கள் ஒரு பக்கம் ஒதுக்கி வாசகர்களிடம் கடிதமும் படமும் கேட்டால் கட்டாயம் வரும். வருவதைத் தரம் பிரித்து, ஆவணங்களோடு ஒத்துப் பார்த்துத் தர நான் தயாராக இருக்கிறேன். எண்பதைத் தாண்டியவர்களிடம் முதலில் கேட்போம்.

வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06