எல்லாம் ‘போட்டோ’தான் என்கிறது அண்ணனின் போன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்கரை ஊர்களில் வானிலை எச்சரிக்கை இப்போது வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் நிமிடத்தில் கைக்கு வந்துவிடுகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், எங்கள் வீட்டுக்கும் வருகிறது. ஆனால் என் அண்ணன் போனில் அது எப்படி வருகிறது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் இருபது வருடம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். சுகர் கண்ணில் இறங்கி, பார்வை முழுதாகப் போய் ஆறு வருடம் ஆகிறது. போனில் டாக்பேக் போட்டு வைத்திருக்கிறார். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் சும்மா கிடக்கும் வசதிதான் அது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுப் படிக்கும். பழகிவிட்டதால் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் வைத்துக் கேட்பார்.

2024 நவம்பர் 20, ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாள். தங்கச்சிமடத்தில் நாங்களும் தப்பவில்லை. நான் கடையில் மாட்டிக்கொண்டேன், வீட்டில் அண்ணன் மட்டும். எங்கள் தெரு குரூப்பில் அன்று மதியம் மட்டும் எழுபது எண்பது செய்தி வந்திருக்கும். அண்ணன் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக் கேட்டிருக்கிறார். ‘போட்டோ. போட்டோ. வீடியோ. போட்டோ.’ நடுவே எழுத்தில் வந்தது ஒன்றே ஒன்று: ‘ஐயோ பாவம்’. யார் பாவம், எந்தத் தெரு, தண்ணீர் எதுவரை, ஒன்றும் இல்லை. கடைசியில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து, காலைக் கீழே விட்டு, தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று அவரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து சேர்ந்தபோது இரண்டாம் படி.

இதில் குற்றவாளி நானும்தான். நான் வைத்திருப்பது ஜெராக்ஸ், டிடிபி கடை. சங்கத்து அறிவிப்பு, கோவில் திருவிழா, கடலுக்குப் போகும் டோக்கன் நிறுத்தம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் சுற்றும் படங்களில் பாதி என் கம்ப்யூட்டரில் பிறந்தவை. துண்டுத் தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு வருவார்கள். நான் டைப் அடித்து, சிவப்புப் பின்னணி போட்டு, ஓரத்தில் அலை ஒன்றை வரைந்து, படமாக்கிக் கொடுப்பேன். அந்த நாலு வரியை அப்படியே குரூப்பில் போட்டிருந்தால் அண்ணன் தானே கேட்டிருப்பார். எழுத்தாக வந்ததைப் படத்துக்குள் பூட்டிக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறேன்.

பூட்டு இதோடு முடியவில்லை. என்னைப் போன்ற கடைக்காரர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள், கை அப்படிப் பழகிவிட்டது. கண்ணுக்கு அழகான தமிழ். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போடுகிறது, அவ்வளவுதான். ‘அம்மா’ என்று நான் அடித்த பிடிஎஃப்பை அண்ணன் போனில் திறந்தால், ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்கிறது. எந்தப் போனும் தமிழைத் தமிழாகவே படிக்க உதவும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று ஆணை போட்டுவிட்டது. என் கடைக்கு அது போன வருடம்தான் வந்து சேர்ந்தது, அதுவும் அண்ணன் கத்தியதால்.

படத்திலேயே எல்லாம் இருக்கிறதே அக்கா, இதில் தனியாக வேறு எழுத வேண்டுமா என்று குரூப் அட்மின் தம்பி கேட்டார். படத்துக்குக் கீழே கேப்ஷன் என்று ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதில் அதே நாலு வரியை ஒட்டினால் போதும் என்றேன். முகநூலில் 2016 முதல் கணினியே படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்கு அது சொல்வது பெரும்பாலும் ‘கடல், வானம், படகு இருக்கலாம்’ என்பதுதான். எங்கள் ஊரில் எடுத்த எந்தப் படத்தில்தான் கடலும் வானமும் இல்லை? இன்ஸ்டாகிராமில் படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரையை நாமே எழுதும் வசதி 2018-ல் வந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் அதைத் தொட்டவர் யாரும் இல்லை. புதுப் போன்களில் படத்தை விவரமாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும். காற்று 45 கிலோமீட்டரா 55 கிலோமீட்டரா என்பதை யூகத்தில் விட எனக்கு மனசில்லை.

சரி, படத்தை எப்படிச் சொல்வது? 2025 ஏப்ரலில் பாம்பன் புது ரயில் பாலம் திறந்தபோது ஒரு மாதம் போன் முழுக்க அதுதான். ட்ரோன் வீடியோ, பாட்டு, ‘மாஸ்’, ‘வேற லெவல்’. பழைய பாலத்தின் அடியில் எத்தனையோ முறை படகு ஓட்டிப் போன மனிதர், புதுசு எப்படித் திறக்கிறது என்று தெரியாமல் இருந்தார். எழுதிக் கொடுத்தேன்: ‘நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு இரும்புப் பகுதி. அதன் இரண்டு முனையிலும் கோபுரம். கப்பல் வரும்போது அந்த இரும்பு முழுவதும் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. பழைய பாலம் போல இரண்டாகப் பிரிந்து கை தூக்காது.’ போன் படித்து முடித்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் மேசை மீது படுக்கவைத்து மெல்ல உயர்த்திப் பார்த்தார். “இப்படியா? அப்போ மேலே போகையில் ஆடாதா பாப்பா?” என்றார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. ஆனால் முதல் தடவையாக அந்தப் பாலத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது: ‘நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்’ என்பதை அந்தக் குரல் ஏதோ வெள்ளைக்காரப் பெயர் போல வாசிக்கும். நடுநடுவே கும்பிடு, நெருப்பு, சைரன், இதயம் என்று பொம்மைகளைத் தூவினால் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகும். ஹேஷ்டேக்கில் ஆங்கிலக்காரர்கள் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கித் தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆகவே #பாம்பன்_புதிய_பாலம் என்று அடிக்கோடு போட்டுப் பிரித்தால் நல்லது. கடல் வரைபடத்தில் ‘சிவப்புப் பகுதிக்குப் போகாதீர்கள்’ என்று மட்டும் போட்டால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் ஒன்றும் தெரியாது. இடத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

அண்ணன் கதையைக் கேட்ட ஒருவர், “அப்படியானால் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிடலாமே” என்றார். எங்கள் தெருவில் கிழிந்த வலை தைக்கும் பையன் ஒருவன் இருக்கிறான், பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் என்பது ஒரு நீலப் புள்ளியும் சில கோடுகளும்தான். அதிகாரி ஒருவர் கேமராவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசும் வீடியோவை என் கடைக்குக் கொண்டுவந்து, வாயைக் காட்டிக் கையை விரிப்பான். அதில் இருந்ததே மூன்று செய்தி: எத்தனை நாள், எந்தப் பகுதி, யாருக்குத் தடை. இதைக் கீழே எழுத்தாக ஓட விட ஒரு பத்து நிமிட வேலை. அவனுக்குத் தாய்மொழி கைமொழி, எழுத்துத் தமிழ் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. அதனால் ‘மேற்படி அறிவிப்பின்கண்’ என்றெல்லாம் எழுதாமல் ‘நாளை கடலுக்குப் போகக் கூடாது’ என்று எழுதினால் அவன் என் கடைக்கே வர வேண்டியதில்லை.

அண்ணனுக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதுவும் கண்ணால் பார்க்கிற சமாச்சாரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் பார்த்தவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான், ‘மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க’ என்று. கோவில் மைக்கிலும் சொல்வார்கள். இப்போது ‘அதான் குரூப்ல போட்டாச்சே’ என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. பாம்பன் கடல் ஓசை 90.4 வானொலி இருப்பதால் அவர் பிழைத்தார், காலையில் அதைத்தான் முதலில் போடுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, ஊடகங்களில் வருவது இவர்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு நடைமுறையை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் வசதி எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் துறைகளின் பக்கங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு குரூப்பின் மீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் அண்ணனுக்கு அவசரச் செய்தி வருவது அந்தக் குரூப்பில்தான்.

என் கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படம் செய்யக் கொடுத்தால் படத்தோடு அதே செய்தியை யூனிகோடு எழுத்தாகவும் அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுவேன், கூடுதல் காசு இல்லை. பத்துப் பேரில் நாலு பேர் அதையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

கடைசியாக, உங்களிடம் ஒன்று. உங்கள் முகநூல் பக்கத்திலும் செய்திகள் அட்டைப் படமாகத்தான் வருகின்றன. மேலே ‘முழு விவரம் படத்தில்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். வாசகர் கடிதப் பக்கத்தையும் போட்டோ எடுத்தே போடுகிறீர்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் தயவுசெய்து எழுத்தாகவும் போடுங்கள். இது அவரைப் பற்றியது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நான் படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். நான் எதையாவது விட்டுவிட்டுப் படிப்பேனாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.