இடுப்பு வலிக்காரர்களை மாடி ஏறச் சொல்லாதீர்கள்

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்ட மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவை முதல் மாடிக்கு மாற்றியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லிஃப்ட் இல்லை என்பதும் தெரிந்திருக்கும். அந்தப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கே கொண்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம். காலமெல்லாம் நடவும் களையெடுப்புமாகக் குனிந்த உடம்பு. தொடை இடுக்கில் பிடிக்கிற வலி முட்டி வரை இறங்கும். கால் நகம் வெட்டக்கூடக் குனிய முடியாது. கீழே இருந்தபோது பிசியோ மேடம் நிறையச் சொல்லிக்கொடுத்தார்: ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, கம்பை வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிப்பது, படி ஏறும்போது நல்ல காலை முன்னே வைப்பது, இறங்கும்போது வலிக்கிற காலை முன்னே வைப்பது. இப்போது அந்தப் பாடம் நடக்கிற அறைக்குப் போகவே அந்தப் பாடம் தேவைப்படுகிறது.

போன வாரம் அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஓரமா உக்காருங்க பாட்டி, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் ஒரு ஊழியர். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, அப்படியே கீழே இறக்கிக் கூட்டிவந்தோம். மேலே பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். வந்தார் ஐயா. படிதான் விடவில்லை.

அக்குபஞ்சர் மட்டும் கீழேயே இருக்கிறது. படுத்து ஊசி போட்டுக்கொள்ளக் கீழ்த்தளம், நடக்கப் பழக மாடி! ஊசியை நான் குறை சொல்லவில்லை. அம்மாவும் போட்டுக்கொண்ட அன்று நன்றாகத் தூங்கினார். ஆனால் இடுப்பு மூட்டுக்கு அது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயருக்குப் போடும் போலி ஊசியைவிடப் பெரிதாக உதவுவதில்லை என்றுதான், பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. மூட்டைத் தாங்கும் தசைக்கு வலு சேர்ப்பது உடற்பயிற்சிதான். அதுவும் வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு என்று 2021-இல் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு பிரஷர் மாத்திரை மட்டும் வருகிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை, சந்தோஷம்; முதல் படியில் கால் வைக்க முடிந்தால் அம்மாவும் போவார். சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம்.

கீழ்த்தளத்தில் உடைந்த கட்டில்கள் அடுக்கிய அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கட்டில்களுக்கு இடுப்பு வலி கிடையாது. அவற்றை மாடிக்கு அனுப்பலாம். சம்பா நடவு முடிந்ததும் இன்னும் பல பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதற்குள் பிசியோதெரபியைக் கீழே கொண்டுவருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டத்து மகள் ஒருத்தி